எட்டு மூலைக்கு ஒரு கயிறு

தக்கலை, ஆனி மாதம்

அன்புள்ள மக்கா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இந்தக் கடிதத்தைப் பேரனை வாசிக்கச் சொல்லிக் கேள், கண்ணைக் கஷ்டப்படுத்தாதே.

இங்கே மழை விட்டபாடில்லை. அதற்கு முன்பே முற்றத்தில் ஒரு மண்டபம் கட்டிவிட நினைத்தேன். எட்டு மூலை, பக்கத்துக்கு நான்கு அடி. எட்டு மூலை எதற்கு என்று கேட்காதே, வீட்டுக்காரியும் அதைத்தான் கேட்டாள்.

மேலே சுற்றி வர அயனி மரக் கட்டைகள். வேலைக்கு வந்த பையனிடம் நான்தான் கணக்குச் சொன்னேன். எட்டுக்கோணத்தைச் சுற்றி நடந்தால் எட்டு இடத்தில் திரும்ப வேண்டும், மொத்தம் ஒரு முழுச் சுற்று, 360 பாகை. அப்படியானால் ஒரு திருப்பத்துக்கு 45, உட்கோணம் 135. பள்ளிக்கூடத்தில் படித்தது மறக்கவில்லை என்ற மிதப்பில், "45 பாகையில் அறு" என்று சொல்லிவிட்டேன். பையன் எட்டுக் கட்டையையும் அறுத்து முற்றத்தில் வைத்துச் சேர்த்தான். நாலாவது கட்டையிலேயே சட்டம் மூடிக்கொண்டது. அச்சு அசல் சதுரம்! மீதி நாலில் இன்னொரு சதுரம்.

அந்த 45 இரண்டு கட்டைக்கும் பொது, மக்கா. ஆளுக்குப் பாதியாக 22.5 அறுத்திருக்க வேண்டும். ஒரு சதுரம் இப்போது கோழிக்கூட்டுக்குக் கதவுச் சட்டம். இன்னொன்றைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டில் சிரிப்பு.

மறுநாள் பையனின் தாத்தா வந்தார். பழைய ஆசாரி. "சாரே, இதுக்குப் பாகை எதுக்கு?" என்று தரையில் சதுரம் வரைந்தார். மூலைக்கு மூலை கயிறு பிடித்து, அதைச் சரிபாதியாக மடித்தார். அந்தப் பாதிக் கயிற்றை ஒவ்வொரு மூலையிலும் வைத்து, இருபுறப் பக்கங்களிலும் கரியால் குறி போட்டார். எட்டுக் குறி. பக்கத்துக் குறிகளைச் சேர்த்தால் எட்டுக்கோணம், பக்கம் எல்லாம் ஒரே அளவு. ராத்திரி உட்கார்ந்து √2 போட்டுப் பார்த்தேன், துல்லியமாகச் சரி.

தரை ஓட்டுக்கும் அதே சதுரம் உதவியது. நம் மண்டபத்தின் அகலம் 9.66 அடி, அந்தச் சதுரம் சுமார் 93.2 சதுர அடி. கொத்தனார் அதற்கே ஓடு கேட்டார். வெட்டுப்படும் நாலு மூலை முக்கோணங்களையும் செங்கோணம் நடுவில் வருகிற மாதிரி சேர்த்துப் பார்: நான்கடிப் பக்கமுள்ள ஒரு சதுரம், 16 சதுர அடி. கழித்தால் 77 சொச்சம். எட்டுக்கோணப் பரப்புச் சூத்திரம் 2(1+√2)a² (a என்பது பக்க அளவு) தருவதும் அதேதான். சேதாரத்துக்குக் கொஞ்சம் சேர்த்து 85க்கு வாங்கினோம், அதில் ஏழெட்டு ஓடு மிச்சம்.

சரி, கட்டு அவிழ்த்ததும் டாக்டரிடம் பஸ் பயணம் ஆகுமா என்று கேள். ஓணத்துக்குள் வந்துவிடு. எட்டுப் பக்கத்தில் எந்தப் பக்கம் வேண்டும் என்று இப்போதே சொல், மேற்கு மட்டும் என்னுடையது. சாயங்காலம் அங்கேதான் காற்று வருகிறது.

உன் பழைய பெஞ்சுக்காரன்