உருளியை எடைக்குப் போடாதீர்கள்: கோயில் கமிட்டிக்கு ஒரு மடல்

கமிட்டி அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

திருவிழாவுக்குள் அன்னதானப் பாத்திரம் முழுக்க எவர்சில்வராக மாற்றப்போகிறீர்களாம். நல்லதுதான். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பாத்திரக் கடையில் இருபது வருஷமாகப் பில் போடுகிறவன் என்ற உரிமையில் ரெண்டு வார்த்தை.

போன மாதம் கையில் காந்தத்தோடு கடைக்கு வந்தீர்கள். ஒட்டவில்லை என்றதும் 'ஒரிஜினல்' என்று முடிவு கட்டிவிட்டீர்கள். எவர்சில்வரில் 304, 202 என்று தரத்துக்கு நம்பர் உண்டு. 304-லும் காந்தம் ஒட்டாது, 202-லும் ஒட்டாது. 304-இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்திருப்பார்கள். விலையும் குறையும், உப்பைத் தாங்கும் சக்தியும் குறையும். அழுத்தி வளைத்த விளிம்பில் நல்ல 304-ஏ லேசாக இழுக்கும். அதனால் காந்தத்தைப் பையில் போட்டுவிட்டு, பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். எங்கள் கடையானாலும் சரி.

அப்புறம், கொட்டகையில் இருக்கும் சாம்பார் அண்டாவுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் குண்டூசி குத்தியது போலப் பழுப்புப் புள்ளிகள் தெரியும். பச்சைத் தண்ணீரில் அள்ளிப் போட்ட கல்லுப்பு கரையாமல் கிடந்து செய்த வேலை அது. குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஏடு கட்டும். பாத்திரத்தைக் காப்பதே அதுதான். கீறல் விழுந்தாலும் தானே மறுபடி கட்டிக்கொள்ளும். உப்பு ஒரே இடத்தில் உட்கார்ந்தால்தான் அதற்குத் தோல்வி. தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போடச் சொல்லுங்கள். இரும்பு நாரால் தேய்க்கவும் வேண்டாம், அதன் துணுக்கு ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெரிய பித்தளை உருளியை எடைக்குப் போட்டுப் புதுசு எடுப்பதாகப் பேச்சு. வேண்டாம் அண்ணா. பித்தளை சூட்டைக் கடத்துவதில் ஆறில் ஒரு பங்குகூட எவர்சில்வர் கடத்தாது. தீ படுகிற இடம் தளதளவென்று கொதிக்கும், ஓரம் சும்மா கிடக்கும். போன வருஷம் வாடகை அண்டாவில் வைத்த பாயசம் ஞாபகம் இருக்கிறதா? துடுப்புப் போட்டவர் கை ஓயவே இல்லை, அப்படியும் வெல்லம் விழுந்ததும் அடிப்பிடித்துவிட்டது. பந்தியில் பாதிப் பேர் இலையோடு சேர்த்து மடித்துவிட்டுப் போனார்கள்.

தண்ணீருக்கும் மோருக்கும் பரிமாறும் வாளிக்கும் எவர்சில்வர் வாங்குங்கள். உருளிக்கு ஈயம் பூசினால் போதும் (பேச்சில்தான் ஈயம், பூசுவது வெள்ளீயம்). ஆளை நானே கூட்டி வருகிறேன். கூலி என் காணிக்கையாக இருக்கட்டும்.