லீட்ஸிலிருந்து அப்பாவுக்கு

லீட்ஸ்
இங்கிலாந்து
நவம்பர் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. தினமும் போனில் பேசுகிறோமே என்று பதிலைத் தள்ளிப்போட்டேன். "போனில் நீ கேட்பதெல்லாம் சாப்பிட்டாச்சா, தூங்கியாச்சா, அவ்வளவுதான். ஒரு பக்கமாவது எழுது" என்று வாத்தியார் தோரணையில் எழுதியிருந்தீர்கள். இன்று லீவு, உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே மணி நாலடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது. ஹீட்டரை நான் அதிகம் போடுவதில்லை, இரண்டு கம்பளியே போதுமாக இருக்கிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம். மரச்சீனிக் கிழங்கு ஐஸ் கட்டியாக பாக்கெட்டில் கிடைக்கிறது. அவித்தால் நம் ஊர்க் கிழங்கின் சித்தப்பா பிள்ளை மாதிரி, ஜாடை மட்டும் இருக்கிறது.

அடுத்த வீட்டுக் கிழவியைப் பற்றி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். மீன் பொரித்தால் போதும், கதவைத் தட்டி என்ன மீன் என்று கேட்பாளே, அவள்தான். போன வாரம் அவளே ஒரு கதை சொன்னாள். 1953-ல், அவளுக்கு 5 வயதில், ஏதோ காய்ச்சலுக்கு ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் போட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் தாய் உள்ளே வரலாம். முதல் வாரம் முழுக்க அழுதாளாம், அப்புறம் நிறுத்திவிட்டாளாம். நர்ஸுகள் எல்லாரும் "நல்ல பிள்ளை" என்று மெச்சினார்களாம். "நான் நல்ல பிள்ளை இல்லை, அம்மா செத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்" என்றாள். 1959-ல், ஆஸ்பத்திரியில் கிடக்கும் பிள்ளைகளைப் பற்றி ஆராய இங்கே அரசாங்கம் போட்ட பிளாட் கமிட்டி, பெற்றோரைத் தடையில்லாமல் உள்ளே விடச் சொல்லி அறிக்கை கொடுத்தது. அதற்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறியது. இப்போது நான் நர்ஸாக இருக்கும் குழந்தைகள் வார்டில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே தாய்க்கோ தகப்பனுக்கோ மடக்குக் கட்டில் போட்டிருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஊசி போட இத்தனை பரீட்சையா என்று கேட்டிருந்தீர்கள். ஊசி அரை நிமிஷம். அதற்கு முந்திய ஒரு மணி நேரம்தான் வேலை. மரத்துப்போகும் களிம்பைத் தடவிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அந்த நேரத்தில்தான் பேச்செல்லாம். எட்டு மாதப் பிள்ளையிடம் நேரே போய்ச் சிரித்தால் வீரிட்டு அழும். அதைப் பார்க்காத மாதிரி தாயிடம் பேசிக்கொண்டே இருந்தால், கொஞ்ச நேரத்தில் அதுவே என் அடையாள அட்டையைப் பிடித்து இழுக்கும். ஊசி தாய் மடியில் வைத்தபடியேதான். மூன்று வயசுக்காரனிடம் "போடட்டுமா?" என்று கேட்கவே கூடாது, வேண்டாம் என்றால் என்ன செய்வது? இடது கையா வலது கையா என்று மட்டும் கேட்கலாம். எட்டு வயசுக்கு எல்லாம் விவரமாக வேண்டும், எடுத்த ரத்தம் திரும்ப ஊறுமா என்பதுவரை. பதினாலு வயசு வாயே திறக்காது. அம்மாவை டீ குடிக்க அனுப்பிவிட்டால் பேச ஆரம்பிக்கும்.

வந்த புதிதில் ஒரு தப்பு செய்தேன். ஆபரேஷனுக்குப் போகும் நாலு வயசுப் பையனிடம், "டாக்டர் உன்னைத் தூங்க வைப்பார், ஒன்றும் தெரியாது" என்று இங்கிலீஷில் சொன்னேன். கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டான். கம்பியைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை. தாய்தான் சொன்னாள்: முந்தின மாதம் அவர்களுடைய கிழட்டு நாயை டாக்டர் "தூங்க வைத்தாராம்". இங்கே ஊசி போட்டுச் சாகவிடுவதற்கும் அதே வார்த்தைதான். நானும் தரையில் படுத்துக்கொண்டு, "இது மருந்துத் தூக்கம், முடிந்ததும் எழுந்துவிடுவாய், அம்மா பக்கத்தில் இருப்பாள்" என்று சொல்லிச் சொல்லி வெளியே வரவைக்க இருபது நிமிஷமாயிற்று. அந்த வயசில் சொன்னது சொன்னபடிதான் மனசில் விழும். போன மாதம் ஒரு பெண்பிள்ளை, தம்பியை அடித்ததால்தான் தனக்கு வயிற்றுவலி வந்ததா என்று என் காதில் கேட்டது.

அப்பு வரைந்த படம் கிடைத்தது. "உடம்பை விட்டுவிட்டான், தலையிலிருந்தே கால் முளைக்கிறது, திருத்தவா?" என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். திருத்தாதீர்கள் அப்பா, நாலு வயசில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வரையும். தாத்தாவுக்குக் கண்ணாடி, ஆச்சிக்குக் கொண்டை, பசுவுக்கு ஆறு கால். நான் ஒரு கட்டத்துக்குள் இருக்கிறேன். கால் இல்லை. அது போன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

"இப்போதெல்லாம் உன்னைக் கேட்டு அழுவதே இல்லை, சமத்தாகிவிட்டான்" என்று அம்மா சந்தோஷமாகச் சொல்கிறாள். எனக்கு அந்தக் கிழவியின் ஞாபகம் வருகிறது. அம்மாவிடம் பதமாகச் சொல்லுங்கள், குறை சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள். அவன் அழுதால் அழட்டும். குறும்பு செய்தால் அம்மா வரமாட்டாள் என்று மைனி விளையாட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். எப்போது வருவேன் என்று கேட்டால் "நாளைக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். மாதக் கணக்கு அவனுக்குப் புரியாது. பொங்கல் கழிந்து, கிணற்றடி மாமரம் காய்த்துப் பழுக்கும்போது என்று சொல்லுங்கள். மரத்தை அவனே போய்ப் பார்த்துக்கொள்வான்.

ஐந்து வயசு முடிந்ததும் அவனுக்குத் தடுப்பூசி இருக்கிறது. "வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள், கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் போய்விடும் என்று சொல்லுங்கள். உங்கள் மடியில் வைத்து, மெழுகுவர்த்தி ஊதுகிற மாதிரி ஊதச் சொல்லுங்கள்.

இந்த மாதப் பணம் அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும். பேங்கில் ஏதோ தாமதம், வேறொன்றுமில்லை. ஷார்ஜாவிலிருந்து அவர் அனுப்புவதை வைத்து அப்புவின் பள்ளிக்கூட ஃபீஸை முதலில் கட்டிவிடுங்கள். வடக்கு மதில் விஷயத்தில் அண்ணன் சொல்வதுதான் சரி. அளந்து கல் போடாமல் சித்தப்பாவிடம் எதற்கும் தலையாட்டாதீர்கள். செல்வியை மறுபடி பார்க்க வருகிறவர்கள் நகைக் கணக்கை ஆரம்பித்தால், அக்காவைக் கேட்டுச் சொல்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். பழி என் மேல் இருக்கட்டும். கிணற்று மோட்டாரைப் புதிதாக வாங்க வேண்டாம், கம்பிக் காயிலைத் திரும்பக் கட்டினால் இன்னும் ஒரு வருஷம் ஓடும். மாமரத்துக்கு மட்டும் தண்ணீர் விடுவது நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்,
சுதா