ஓய்வு பெற்றவரின் கோப்பை மூடிவிடாதீர்கள்

சிறு ஊர்களின் தீயணைப்பு நிலையங்களை நடத்தும் அதிகாரிகளுக்கும் நகர மன்றங்களுக்கும்,

வணக்கம்.

தொண்ணூறு வயதைத் தொட்ட தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தால் நீங்கள் குறை வைப்பதில்லை. கொடி வரும், சீருடையில் ஆட்கள் வருவார்கள். இளமையில் ராணுவத்திலும் இருந்தவர் என்றால் அந்தப் பக்கத்து மரியாதையும் சேர்ந்துகொள்ளும். நல்லதுதான். ஆனால் அவர் ஓய்வு பெற்ற நாளுக்கும் அந்தக் கொடி வரும் நாளுக்கும் நடுவே முப்பது, முப்பத்தைந்து வருடம் கிடக்கிறதே, அதில் உங்களுக்கும் அவருக்கும் என்ன உறவு? பெரும்பாலும் ஓய்வூதியக் கணக்கு மட்டும். சம்பளமில்லாத தன்னார்வலர் என்றால் அதுவும் கிடையாது.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். அவர் எந்தெந்தப் புகையில் நின்றார் என்ற பதிவை அவர் உயிரோடிருக்கும் வரை வைத்திருங்கள். அதில் ஒரு நகலை அவர் கையில் கொடுங்கள்.

காரணம் உங்களுக்குத் தெரியாததல்ல. தீயணைப்பு வேலையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2022-ல் முதல் பிரிவில் சேர்த்தது. அதற்கு முன்பு ‘இருக்கலாம்’ என்ற அளவில்தான் வைத்திருந்தார்கள். போதிய சான்று இருப்பதாக அவர்கள் சொன்னவை இரண்டு: சிறுநீர்ப்பைப் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் மீசோதீலியோமா. இரண்டாவதற்கு முக்கியக் காரணம் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். பழைய கட்டடங்களின் கூரையிலும் குழாய் உறையிலும் இருந்தது. ஒரு காலத்தில் தீயணைப்பு வீரர் போட்ட கையுறையிலேயே இருந்தது. அந்தத் தூளை மூச்சில் இழுத்தவருக்கு நோய் தலைகாட்ட 20 முதல் 50 வருடம் வரை ஆகலாம். அதாவது, நீண்ட ஆயுள் வாய்த்தவரைத்தான் அது தேடி வருகிறது.

இப்போது கோப்புக்கு வருவோம். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி, நச்சுப்பொருளுக்கு ஆளான பதிவுகளை 30 வருடம் வைத்திருக்கச் சொல்கிறது. கேட்க நீண்ட காலமாகத்தான் இருக்கிறது. 22 வயதில் முதல் தீக்குள் போனவருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 52 வயதில் அந்தக் காகிதத்துக்குக் கெடு முடிகிறது, நோய் 70-ல் வருகிறது. அந்த விதியும் எல்லா நகராட்சிக்கும் எல்லாத் தன்னார்வலருக்கும் பொருந்துவதில்லை. சிலி நாட்டில் தீயணைப்புப் படை முழுக்கத் தன்னார்வலர்கள்தான். ஜெர்மனியில் சுமார் 10 லட்சம் பேர் அப்படி இருக்கிறார்கள். சிறு ஊர் என்றாலே பெரும்பாலும் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவருபவர்தான் தீயணைப்பவர். அவருக்குக் கோப்பு யார் திறந்தார், மூடுவதற்கு?

பழைய ஆட்களிடம் ஒரு பெருமை உண்டு. தலைக்கவசத்தில் கரி ஏறியிருந்தால்தான் அனுபவசாலி. துடைத்து வைத்தவன் புதுசு. தீ அடங்கியதும் முகமூடியைக் கழற்றிவிட்டு, கருகிய சுவரைக் கடப்பாரையால் பெயர்த்துக் கங்கு தேடுவார்கள். தீ அணைந்த பிறகும் அந்த இடம் ஃபார்மால்டிஹைடையும் சயனைடு வாயுவையும் விட்டுக்கொண்டிருக்கும். அதே சட்டையோடு வண்டியேறி, அதே சட்டையை வீட்டுக் கொடியில் தொங்கவிட்டவர்கள் எத்தனை பேர். 1970-களில் நாசா எடை குறைந்த மூச்சுக்கருவியை உருவாக்கித் தந்ததற்கு ஒரு காரணம், இருந்த கருவி சுமக்க மாட்டாத கனம் என்று வீரர்கள் அதை வண்டியிலேயே விட்டுப்போனதுதான். இதையெல்லாம் குற்றமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு அதுதான் வழக்கம். அந்த வழக்கத்தில் எத்தனை வருடம் நின்றார் என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ராணுவமும் தீயணைப்பும் இரண்டும் பார்த்தவருக்குச் சிக்கலும் இரட்டிப்பு. எண்ணெய்த் தீயை அணைக்கும் ஃபுளோரின் கலந்த நுரை ஒன்றை 1960-களில் அமெரிக்கக் கடற்படை உருவாக்கியது. விமான தளங்களில் பயிற்சிக்கென்றே அதைத் தண்ணீராய்ச் செலவழித்தார்கள். அதில் இருந்த ஃபுளோரின் வேதிப்பொருட்களில் சில, ரத்தத்தில் பாதியாகக் குறையவே வருடக்கணக்கில் ஆகும். காது கெடுவதும் இரண்டு பக்கத்திலிருந்துதான்: பீரங்கி கொஞ்சம், சைரன் கொஞ்சம். உதவி கேட்டுப் போனால் இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தைக் கைகாட்டும்.

என் அப்பா அந்த இரண்டு வேலையும் பார்த்தவர். எழுபத்தாறு வயதில் சிறுநீரில் ரத்தம் வந்தது. “வயசானா இதெல்லாம் வரும்” என்று ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவமனைப் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் ‘ஓய்வு பெற்றவர்’ என்று எழுதினார். நான் படிவத்தைப் பிடுங்கி, அதை அடித்துவிட்டு ‘தீயணைப்பு வீரர்’ என்று எழுதினேன். மருத்துவர் அதைப் பார்த்த பிறகு கேட்ட கேள்விகளே வேறு: எத்தனை வருடம், முகமூடி போட்டீர்களா, தொழிற்சாலைத் தீயா வீட்டுத் தீயா? அப்பாவால் பாதிக்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. மீதி நிலையத்தின் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும். விசாரித்தோம். கட்டடம் மாறியபோது பழைய பதிவேடுகளைக் கழித்துவிட்டார்களாம்.

செலவு பெரிதல்ல. பணிக்காலம், போன பெரிய தீவிபத்துகள், எரிந்தது என்ன, என்ன நுரை பயன்படுத்தினோம், மூச்சுக்கருவி எந்த வருடம் நிலையத்துக்கு வந்தது: ஒரு பக்கத்தில் அடங்கும். தன்னார்வலருக்கும் அதே பக்கம். ராணுவத்தில் இருந்தவர் என்றால் அதையும் அதே தாளில் எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு முறை ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள். சிறுநீரில் ரத்தம், விடாத இருமல், மூச்சிரைப்பு என்றால் வயதின் மேல் பழி போடாமல் போய்க் காட்டச் சொல்லுங்கள். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் நாளிலேயே அந்தத் தாளைத் திறந்துவிடுங்கள்.

பதிவேடு தொலைந்துவிட்டது என்று கைவிரிக்க வேண்டாம். பழைய ஆட்களின் ஞாபகம் இன்னும் இருக்கிறது. உங்கள் நிலையத்தில் வேலை பார்த்தவர்களில் இருப்பவர்களுக்குள் மூத்தவர் யார் என்று விசாரித்து, ஒரு இளைஞனை நோட்டும் கையுமாக அவர் வீட்டுக்கு அனுப்புங்கள். தனியாக அல்ல, கூட வேலை பார்த்த இன்னொருவரையும் சேர்த்து. வருடம் தப்பாகச் சொன்னால் ஒருவரை ஒருவர் திருத்துவார்கள். காலையில் போகச் சொல்லுங்கள். சத்தமாகப் பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தீயணைப்பு வீரரின் மகள்