வீட்டில் ஒரு வாத்தியார், பள்ளியில் ஒரு வாத்தியார்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம், கேரளம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மிணிக்கு,

வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் கேட்டதற்கு, "யோசித்துச் சொல்கிறேன் கண்ணு" என்று வைத்துவிட்டேன். 32 வருஷம், நாலாவது வரைக்கும் உள்ள எல்பி ஸ்கூலில் வாத்தியாராக இருந்த மனுஷன் இதற்குப் போய் யோசிக்க வேண்டுமா என்று நினைத்திருப்பாய். யோசிக்க ஒன்றும் இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, அதுதான். போனில் சொன்னால் பாதியில் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள். அதனால் எழுதுகிறேன்.

நீ டீச்சராக இருக்கிற பள்ளியின் மூத்த டீச்சர், "பாட்டையும் அட்டையையும் நிறுத்து, உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்ல வை" என்கிறார். உன் வயதுக்காரர்கள், அது பிள்ளைகளைக் கிளியாக்கும் வேலை என்கிறார்கள். நடுவில் நீ. "அப்பா, நீங்க ரெண்டு காலத்தையும் பார்த்தவங்க, எது சரி?" என்று கேட்டாய்.

பார்த்தவன்தான். 1984இல் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்தது ஒரே வழி. நான் சொல்வேன், 34 பிள்ளைகளும் திருப்பிச் சொல்லும். பொள்ளாச்சி பஸ் டிரைவருக்கே கேட்கும், எங்கள் கூரை ஓட்டில் காக்கா உட்காராது. கையில் பிரம்பு. வராந்தாவில் நடக்கிற தலைமை ஆசிரியருக்கு, சத்தம் கேட்டால் பாடம் நடக்கிறது என்று அர்த்தம். அந்தச் சத்தத்துக்குள் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் யார் யார் என்று ஓணப் பரீட்சை பேப்பர் திருத்தும்போதுதான் தெரியும். தெரிந்து என்ன பண்ணினேன்? "இதுக்கு மண்டையில ஏறாது" என்று முடிவுகட்டி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

அப்புறம் டிபிஇபி என்ற மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது. பாலக்காடு இரண்டாம் கட்டத்தில் சேர்ந்த மாவட்டம். 1997 வாக்கில் புத்தகமே மாறிவிட்டது. பிரம்பைப் போடு, பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும், எழுத்தில் ஆரம்பிக்காதே, கதையில் ஆரம்பி, வாக்கியத்திலிருந்து சொல்லுக்கு வா, சொல்லிலிருந்து எழுத்துக்கு வா என்றார்கள். உலக வங்கிப் பணத்தில் பிள்ளைகளைக் கெடுக்கப் பார்க்கிறார்கள் என்று ஒரு பக்கம் போராட்டம். தமிழ் மீடியம் எங்களுக்குப் புத்தகம் எப்போதும் பிந்தித்தான் வரும், அந்த வருஷமும் பிந்தித்தான் வந்தது. மலையாளப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நானே கரும்பலகையில் தமிழில் எழுதி ஒப்பேற்றினேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பிரம்பு போனதும் வகுப்பின் முகமே மாறியது. இரண்டு வருஷமாக என் முன்னால் வாயே திறக்காத ஒரு பெண், பனைமர நிழலைக் காலையிலும் மத்தியானமும் அளந்துவிட்டு ஓடிவந்து, "மாஷே, நிழல் சுருங்கிப் போச்சு!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். பதிமூன்று வருஷத்தில் ஒரு பிள்ளைகூட என் கையைப் பிடித்து இழுத்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் நான் சொன்னது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, கேட்டுப் பார்.

இனிமேல்தான் வெட்கப்படுகிற விஷயம்.

2000இல் நீ என் வகுப்பில் மூன்றாவது படித்தாய். பகலில் உங்களுக்கெல்லாம் இலை சேகரிப்பு, சார்ட், குழு வேலை. சாயங்காலம் ஆறரைக்கு உன் அம்மா தோசைக்கு ஆட்டிக்கொண்டிருக்கும்போது, திண்ணையில் உன்னை எதிரே உட்கார வைத்து ஏழாம் வாய்ப்பாடு. பத்துச் சொல் சொல்வதெழுதுதல். தப்பினால் அந்தச் சொல்லை ஐந்து தடவை எழுத வேண்டும். 'ள'வும் 'ழ'வும் உனக்கு மாறிப்போகும், அதற்கென்றே தனி நோட்டு. பகலில் நான் பழித்துப் பேசிய முறையைச் சாயங்காலம் என் பிள்ளைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். புது முறை பலிக்காமல் போனால் என் பிள்ளை தப்பித்துக்கொள்ளட்டும் என்ற பயம். மற்ற 33 பேருக்கும் அந்தப் பயத்தை நான் படவில்லை.

பிஆர்சியிலிருந்து, அதுதான் வட்டார வள மையத்திலிருந்து, பார்வையிட வந்தார்கள், உனக்கு ஞாபகம் இருக்கலாம். புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து யாரையாவது வாசிக்கச் சொன்னார்கள். நான் உன்னைக் கூப்பிட்டேன். கடகடவென்று வாசித்தாய். "ஆக்டிவிட்டி மெத்தடின் பலன்" என்று எழுதிக்கொண்டு போனார்கள். அது திண்ணையின் பலன் என்று எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

உன் பக்கத்தில் உட்காருவானே, பனையேறி வீட்டுப் பையன், பெயர் வேண்டாம். அவனும் வாசிப்பான். பாடம் முழுக்க ராகத்தோடு வாசிப்பான். ஒருநாள் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு புரண்டுவிட்டது, அவன் பழைய பக்கத்தையே வாசித்துக்கொண்டு போனான். கண் புதுப் பக்கத்தில், வாய் பழைய பக்கத்தில். எனக்கு அடிவயிறு குளிர்ந்தது. ஆனால் மணி அடித்தது, கஞ்சியும் பயறும் பரிமாற வேண்டியிருந்தது, போய்விட்டேன். நாலாவது முடித்து அவன் யூபி ஸ்கூலுக்குப் போகிற வரைக்கும் நான் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

போன மாதம் அவன் நம் வீட்டுக்கு வந்தான். இப்போது தேங்காய் லோடு ஓட்டுகிறான். பெண் மூன்றாவது படிக்கிறாள், வாசிப்பு வரவில்லையாம். "மாஷே, சனிக்கிழமை அனுப்பட்டுமா?" என்றான். சரி என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே தலையைக் குனிந்தபடி சொன்னான்: "எங்களுக்கு ஸ்கூல்ல சொல்லிக் கொடுத்த மாதிரி வேண்டாம். அம்மிணிக்குத் திண்ணையில சொல்லிக் கொடுத்தீங்களே, அந்த மாதிரி சொல்லிக் கொடுங்க."

அவன் அம்மா அந்நாளில் நம் வீட்டுக்குப் பால் வாங்க வருவாள். இவன் தூக்குப் போசியோடு வாசல் ஓரம் நிற்பான். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறான்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். அவன் நினைப்பது போல வாய்ப்பாடும் சொல்வதெழுதுதலும்தான் உன்னைக் காப்பாற்றியதா? அப்படியென்றால் 1984லிருந்து பதிமூன்று வருஷம் அதையே செய்தேனே, ஏன் பாதி வகுப்பு தேறவில்லை? திண்ணையில் நீ ஒருத்தி, நான் ஒருத்தன். நீ வாயை மட்டும் அசைக்க முடியாது. 'பழம்' என்பதை 'பளம்' என்று எழுதினால் அந்த நிமிஷமே என் கண்ணில் படும். பள்ளியில் கோரஸுக்குள்ளே பிள்ளை ஒளிந்துகொண்டது. டிபிஇபி வந்த பிறகு குழுவுக்குள்ளே ஒளிந்துகொண்டது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு சார்ட் ஒட்டுவார்கள், எழுதியது நீயாக இருப்பாய், பசை தடவியது அவனாக இருப்பான். சார்ட்டுக்கு நான் ஸ்டார் போட்டேன்.

ஆக, உன் மூத்த டீச்சர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. எழுத்தும் கூட்டலும் தெரியாத பிள்ளையிடம் "நீயே கண்டுபிடி" என்றால் எங்கே போகும்? 'கொ'வில் ஒற்றைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் ஏன் வருகிறது என்பதை எந்தப் பிள்ளையும் இலை பொறுக்கிக் கண்டுபிடிக்காது. வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும், பழக வைக்க வேண்டும். 2022இல் மலையாளப் பாடப்புத்தகத்தில் அட்சரமாலையை, அதாவது எழுத்து வரிசையைக் காணோம் என்று இங்கே பெரிய சத்தம் கிளம்பி, திரும்பச் சேர்க்கிறோம் என்று மந்திரி சொல்ல வேண்டி வந்தது. ஆனால் எழுத்து கைக்கு வந்த பிள்ளையை அதற்குப் பிறகும் நூறு தடவை எழுத வைப்பது வெறும் தண்டனை. அதற்கு நிழல் அளக்கிற வேலைதான் லாயக்கு.

2008 வாக்கில் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு சிநேகிதர் பள்ளிக்குப் போனேன். தமிழ்நாடு முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்திருந்த நேரம். ஆந்திராவில் மதனப்பள்ளிப் பக்கம் ரிஷி வேலிப் பள்ளியில் தொடங்கி, கர்நாடகத்தில் நலி கலி என்ற பெயரில் நடந்து, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, அங்கிருந்து பரவியது. பாய் விரித்து, சுவரோரம் தாழக் கரும்பலகை, கையில் ஆளுக்கொரு அட்டை. வாத்தியார் எங்கே என்று தேடினேன். தரையில் ஒரே ஒரு பையனோடு தலையோடு தலை முட்ட உட்கார்ந்திருந்தார். வேலை செய்யாமல் ஓபி அடிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். என் திண்ணையை அவர் வகுப்புக்குள் கொண்டுவந்திருக்கிறார் என்பது உறைக்கவில்லை. அவரும் ஒரு குறை சொன்னார்: அட்டையை முடிப்பதே பந்தயமாகி, பிள்ளைகள் டிக் அடித்துவிட்டு ஓடிவிடுகிறார்கள் என்று.

ரிட்டயர் ஆன பிறகு இதையெல்லாம் தேடிப் படிக்க நேரம் கிடைத்தது. 2019இல் பொருளாதார நோபல் வாங்கிய பானர்ஜி, டூஃப்லோ கூட்டம், பிரதம் என்ற அமைப்போடு சேர்ந்து, பிள்ளையை வகுப்பு பார்த்துப் பிரிக்காமல் அது நிற்கிற இடம் பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மும்பையிலும் வதோதராவிலும் வாசிக்கத் தடுமாறியவர்களை அந்தந்தப் பகுதியில் இருக்கிற பெண்களே தினம் இரண்டு மணி நேரம் தனியாக எடுத்துச் சொல்லிக்கொடுத்து முன்னேற்றிக் காட்டினார்கள். பிறகு அரசுப் பள்ளி வாத்தியார்களிடமே கொடுத்துப் பார்த்தார்கள். பீகாரில் பயிற்சியும் புத்தகமும் கொடுத்தும் பள்ளி நேரத்தில் பலன் தெரியவில்லை. ஹரியானாவில் இதற்கென்றே தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேற்பார்வையும் வைத்தபோது வாசிப்பு கூடியது. ஒதுக்கிய அந்த ஒரு மணிதான் சங்கதி என்று நான் நினைக்கிறேன்.

நீ சலித்துக்கொள்கிறாயே, ஆப்பில் பதிவு பண்ணியே பொழுது போகிறது என்று? அதற்கும் ஒன்று கிடைத்தது. ஆந்திராவில் 100 பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையின் மார்க்கையும் விவரமாக ரிப்போர்ட் போட்டு வாத்தியார்கள் கையில் கொடுத்தார்கள். பார்க்க ஆள் போனபோது வாத்தியார்கள் சுறுசுறுப்பாக இருந்தார்கள். வருஷக் கடைசியில் பிள்ளைகள் மார்க் மற்றப் பள்ளிகளைவிட ஏறவில்லை. எனக்கு பிஆர்சி ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

அதனால் நான் சொல்வதைக் கேள், கேட்காவிட்டாலும் பரவாயில்லை. உன்னிடம் 24 பிள்ளைகள். தினம் ஐந்து பேரைக் கூப்பிடு, ஆளுக்கு இரண்டு நிமிஷம். புத்தகத்தில் இல்லாத நாலு வரியைக் கையால் எழுதி வாசிக்கச் சொல், ஒரு கணக்குக் கேள். வாரத்தில் வகுப்பே முடிந்துவிடும். எங்கே தடுக்குகிறது என்று உன் சொந்த நோட்டில் எழுது, யாருக்கும் காட்ட வேண்டாம். பிள்ளைகள் நிற்கிற நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறீர்கள் அல்லவா? ஜூனில் அரும்பில் உட்கார்ந்தவன் ஜனவரியிலும் அதே இடத்தில் இருந்தால் அவனுக்கு அதுவே பட்டப்பெயராகிவிடும். நம் ஊரில் "மண்டு" என்பார்கள், அங்கே பூப்பெயர், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓசூரை அடுத்த தளிப் பக்கம் உன் வகுப்புப் பிள்ளைகளில் பாதி வீட்டில் தெலுங்கு பேசுகிறது என்றாய். வாசிக்காததெல்லாம் வாசிக்கத் தெரியாததால் என்று நினைத்துவிடாதே. 'முற்றம்' என்று வாசித்துவிட்டு விழித்தால், எழுத்து வந்துவிட்டது, சொல்தான் தெரியாது என்று அர்த்தம். அவன் மொழியிலேயே ஒரு தடவை சொல்லிவிடு. இங்கே கடைப்பலகை முழுக்க மலையாளத்தில் பார்த்து வளர்ந்த உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மூத்த டீச்சரோடு சண்டை வேண்டாம். வாய்ப்பாட்டை அவரையே உன் வகுப்புக்கும் எடுக்கச் சொல்லிப் பார். அவருக்கு அது நன்றாக வரும் என்று தோன்றுகிறது.

அந்தப் பெண் மூன்று சனிக்கிழமையாக வருகிறாள். எழுத்தெல்லாம் தெரிகிறது, கொம்பு வந்தால் மட்டும் தடுமாறுகிறாள். 'கெ'யும் 'கே'யும் ஒன்றாகவே கேட்கிறது அவளுக்கு. நேற்று லோடு இறக்கிவிட்டு வந்த அவள் அப்பன் திண்ணை ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவளுக்கு நான் வைத்த அட்டையை எட்டி எடுத்து, "தே...ங்...காய்" என்று தனக்குள் கூட்டிப் பார்த்துவிட்டு, நான் பார்ப்பது தெரிந்ததும் கீழே வைத்துவிட்டான். அடுத்த வாரம் அவனுக்கும் ஒரு நோட்டு வாங்கி வைக்கலாமா, கோபித்துக்கொள்வானா என்று தெரியவில்லை. உன் அம்மா வாங்கி வை என்கிறாள்.

உன் பழைய 'ள', 'ழ' நோட்டு பரணில் கிடைத்தது. கரையான் ஒரு மூலையைத் தின்றிருக்கிறது. உங்கள் பள்ளியில் பழைய சொல் அட்டைகள் தூக்கிப் போடுகிற நிலையில் இருந்தால் ஒரு கட்டு எடுத்து வை, தீபாவளிக்கு வரும்போது கொண்டு வா. மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு
அப்பா