துக்க வீட்டு நெஞ்சுவலி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இதழில் மாரடைப்பு பற்றி வந்த கட்டுரையில் உப்பு, எண்ணெய், சர்க்கரை, நடைப்பயிற்சி எல்லாம் இருந்தது. மனக்கவலைக்குக் கடைசியில் ஒரே ஒரு வரி. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா இறந்த நான்காம் நாள் அம்மாவுக்கு நெஞ்சு அடைத்தது, இடது தோள் வரை வலி, உடம்பெல்லாம் வேர்வை. அழுதுகொண்டே சாப்பிடாமல் கிடந்தால் வாயு பிடிக்கத்தான் செய்யும் என்று உறவுக்காரர்கள் ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள். சரி, டாக்டரிடமாவது காட்டுவோம் என்று பக்கத்தில் ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனால், அங்கேயும் துக்க விஷயத்தைக் கேட்டதுமே ஈசிஜி எடுக்காமல் தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி மூச்சு வாங்க ஆரம்பித்தது. 108ஐக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈசிஜி மாரடைப்பு மாதிரியே இருந்தது, இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதமும் கூடியிருந்தது, ஆனால் ஆஞ்சியோவில் இதய ரத்தக்குழாய்களில் அடைப்பே இல்லை. எக்கோ எனும் இதய ஸ்கேனில் பார்த்தால் இதயத்தின் இடது கீழறை, நுனிப் பக்கம் சுருங்காமல் பலூன் போல உப்பிக் கிடந்தது.

இதற்கு டகோட்சுபோ என்று பெயர். ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும், கழுத்து குறுகி வயிறு பெருத்த பானையின் பெயர் அது. 1990இல் அந்நாட்டு மருத்துவர்கள் வைத்தது. பெரிய அதிர்ச்சியில் அட்ரினலின் மாதிரி ஹார்மோன்கள் ஒரேயடியாகச் சுரக்க, இதயத் தசை கொஞ்ச காலம் மரத்துப் போகிறது என்று டாக்டர் விளக்கினார். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், அம்மாவுக்கும் ஆனது. ஆனால் முதல் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து வரலாம்.

அடைப்பினால் வரும் மாரடைப்பிலும் மனதுக்குப் பங்கு உண்டு. இந்தியா உட்பட 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், வேலை, வீடு, பணம் என்று நெருக்கடியில் இருந்தவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வந்தது தெரிந்தது.

அதனால் டாக்டர்களுக்கு என் வேண்டுகோள்: வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள், ஆனால் பதிலைக் கேட்டதும் ஈசிஜியை விட்டுவிடாதீர்கள். பத்து நிமிட வேலைதான். நெஞ்சுவலியோடு வருபவர்களுக்கு உடனடி மாத்திரை கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப 2023இலிருந்து நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 'இதயம் காப்போம்' திட்டம் இருப்பதுகூட எங்களுக்கு அப்போது தெரியாது. இதையெல்லாம் அடுத்த கட்டுரையில் கொஞ்சம் விரிவாகப் போடுங்கள், துக்கம் விசாரிக்கப் போகிறவர்களும் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மயிலாடுதுறை