பள்ளத்தை மூடுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நகரங்களில் குடிநீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் தோண்டும்போது கிடைக்கும் தொல்பொருள்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கிடைத்த பானையையும் காசையும் விரிவாக விவரித்த கட்டுரையாளர், அவை கிடந்த மண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது. இத்தகைய பள்ளங்களின் ஓரத்தில் தொல்லியல் கண்காணிப்புப் பணிக்காகப் பல ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

குழாய்ப் பள்ளம் பெரும்பாலும் இரண்டடி அகலம்தான் இருக்கும். ஆனாலும் அதன் பக்கச்சுவரைக் கரணையால் மெல்லச் சுரண்டிவிட்டுப் பார்த்தால், தாருக்குக் கீழே ஜல்லி, அதற்குக் கீழே செங்கல் இடிபாடு, பிறகு விரற்கடை கனத்தில் ஒரு கரிய சாம்பல் பட்டை, அதனடியில் வெந்து சிவந்த களிமண் தரை என்று வரிசையாகத் தெரியும். அங்கே முன்பு இருந்த வீடு எரிந்த பிறகே இடிந்தது என்பதை இந்த வரிசை சொல்கிறது. சாம்பலில் உள்ள கரித்துண்டு, கதிரியக்கக் கார்பன் முறையில் அதன் காலத்தையும் சொல்லக்கூடும். பொக்லைன் வாரிப் போட்ட மண்மேட்டிலிருந்து பொறுக்கிய பானைக்கு இவை எதுவும் கிடையாது.

ஒருமுறை இப்படியொரு தரையைக் கண்டு, அளவுகோல் வைத்துப் படமெடுக்கவும் வரையவும் குழாய் பதிப்பவர்களிடம் இருபது நிமிடம் கேட்டேன். நான் கருவிகளை எடுத்து வருவதற்குள் குழாயை இறக்கி மணல் கொட்டிவிட்டார்கள். அவர்களை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. ஒப்பந்தத்தில் அதற்கென்று நேரமும் ஒதுக்கப்படவில்லை. அந்தத் தரையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

1978 பிப்ரவரியில் மெக்சிகோ நகரில் மின்கம்பிக்காகத் தோண்டிய தொழிலாளர்கள், மூன்று மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள கொயோல்ஷாவ்கி தெய்வத்தின் சிற்பக்கல்லில் முட்டினார்கள். அஸ்டெக் மக்களின் பெருங்கோயிலை வெளிக்கொணர்ந்த அகழாய்வு அதிலிருந்துதான் தொடங்கியது. அத்தனை பெரிய கல் யார் கண்ணிலும் படும். சாம்பல் பட்டை அப்படிப் படாது. அதற்குப் பழகிய கண் ஒன்று பள்ளத்தின் ஓரத்திலேயே இருக்க வேண்டும். பெருவின் தலைநகர் லிமாவில் எரிவாயுக் குழாய்ப் பணியில் தொல்லியலாளர்களும் உடன் இருப்பதால்தான், இன்கா காலத்துக்கு முந்தைய கல்லறைகள் பல முறையாகப் பதிவாகியுள்ளன.

பலமுறை தோண்டிக் கலைந்த தெருவில் இனி என்ன இருக்கப்போகிறது என்று பொறியாளர்கள் கேட்பதுண்டு. பழைய சாக்கடைக்கும் பழைய கம்பிக்கும் இடையே ஒரு முழ அகலத்துக்குக் கலையாத மண் எஞ்சியிருப்பதை நானே பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஒன்றுமே இல்லாவிட்டாலும், எத்தனை அடி ஆழம்வரை மண் கலைந்துள்ளது என்பதை நகர வரைபடத்தில் குறித்துவைத்தால், அடுத்த பணிக்கு எங்கே கவனம் தேவை, எங்கே தேவையில்லை என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

பெரிய திட்டங்களில் தேவைப்படும் தொல்லியல் பணிகளின் செலவுக்கு வழிசெய்ய வேண்டும் என்று, 1992இல் மால்டாவின் வாலெட்டாவில் கையெழுத்தான ஐரோப்பிய உடன்படிக்கை கூறுகிறது. இங்கே நான் கேட்பவை மூன்று. குழாய்ப் பணிகளின் ஒப்பந்தப்புள்ளியிலேயே கண்காணிப்புக்கான தொகையும் நாளும் எழுதப்பட வேண்டும். பொக்லைனில் பல் இல்லாத வாளியை மாட்டி, அதனால் மண்ணைச் சிறிது சிறிதாக வழித்தெடுக்க வேண்டும். சில மணி நேரமாவது பணியை நிறுத்தும் உரிமை கண்காணிப்பாளருக்கு எழுத்தில் வேண்டும். மூன்றாவது இல்லாமல் முதல் இரண்டும் பயன்படாது என்பது என் அனுபவம்.

நள்ளிரவில் குழாய் உடைந்தால் யாருக்காகவும் காத்திருக்க முடியாது என்பதை அறிவேன். அப்போதும், தண்ணீரை அடைத்த பின், மண்ணைத் தள்ளுவதற்கு முன், பக்கச்சுவரை அளவுகோலுடன் ஒரு படமாவது எடுத்து வைக்கும்படி பழுதுபார்க்கும் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்