கூரையும் வள்ளமும் மீண்டது உங்களால்

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை ஊர்க்காரர்களுக்கும் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பொழியூரில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கும் வணக்கம். வள்ளத்தின் கூட்டுக்காரர்கள் எல்லாருக்காகவும் நான் எழுதுகிறேன். வீடு வீடாக வந்து நன்றி சொன்னோம். ஆனாலும் கடல் சேதப்படுத்திய எங்கள் வலைக் கொட்டகையையும் வள்ளத்தையும் மீட்க யார் என்ன செய்துதந்தார்கள் என்பது ஊரறிய எழுதப்பட வேண்டும். இதே வேலை நாளை வேறொரு வள்ளக்காரருக்கு வந்தாலும் இது உதவும்.

இடவப்பாதிக் (தென்மேற்குப் பருவமழைக்) கடல் கரையை அரித்தபோது வலைக் கொட்டகை போனது. வள்ளம் கடல்சுவர்க் கல்லில் மோதி அடிப்பக்கம் கிழிந்தது. ஒட்டுப்பலகை (பிளைவுட்) வள்ளம் அது. பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே 1980களின் தொடக்கத்தில் முட்டத்தில் நம் ஆட்களோடு சேர்ந்து உருவாக்கிய வகை: பலகைகளைக் கம்பியால் தைத்து, தையலின் மேல் பைபர் (கண்ணாடியிழை) ஒட்டுவது. வயதானாலும் மீன்பாடு குறையாத வள்ளம். புதிது வாங்கு என்று சொன்னவர்கள் உண்டு. அதற்கு எங்களிடம் வழியில்லை, இதை விட மனமும் இல்லை.

பொழியூர் மூத்தாசாரி சேட்டனுக்குத்தான் முதல் நன்றி. அவர் வந்ததும் கிழிசலைப் பார்க்கவே இல்லை. மரச்சுத்தியலால் அணியத்திலிருந்து பின்பக்கம் வரை தட்டிக்கொண்டே போனார். கணீரென்று கேட்ட இடத்தை விட்டுவிட்டார். பொத்தென்று கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் வளையம் போட்டார். பைபருக்கும் பலகைக்கும் நடுவே தண்ணீர் புகுந்த இடங்கள் அவை. கிழிசல் கையகலம்தான், வளையங்களோ அதைப்போலப் பல மடங்கு. “நனஞ்ச பலகையில ஒட்டினா உரிஞ்சு வரும் மோனே. முதல்ல கூரை கெட்டு, வள்ளம் பின்ன” என்றார். கூலி பேசாமல் வந்தவர், போகும்போதும் வாங்கவில்லை.

அப்படித்தான் கொட்டகை முதல் வேலையானது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம். ஆழ்கடலுக்குப் போகும் தம்பிமார் ஊரில் இருந்தது எங்கள் பாக்கியம். விளவங்கோட்டுப் பக்கத்துப் பனையேறி மாமா வைரம் பாய்ந்த பனந்தடிகளைக் கொடுத்தார். ஈரமணலில் நேராக நட்டால் கால் உளுத்துப் போகும் என்று, பழைய பிளாஸ்டிக் டிரம்களுக்குள் தடியை நிறுத்திக் காங்கிரீட் போட்டு, டிரம்மோடு புதைத்தார்கள் தம்பிமார். மேலே தகரம். ஆணி அடிக்கும் துளையைத் தகரத்தின் பள்ளத்தில் போடாமல் மேட்டில் போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்ற தம்பி யாரென்று அவனுக்கே தெரியும். பள்ளத்தில்தான் மழைநீர் ஓடும், துளை அங்கே இருந்தால் ரப்பர் வாஷர் எத்தனை நாள் தாங்கும்? அவன் சொன்னது சரி, ஒரு சொட்டு ஒழுகவில்லை.

வலை பின்னும் அக்காமார் பழைய கரமடியை (கரையிலிருந்து இழுக்கும் வலையை) வெட்டி, கூரை முழுக்க மூடுகிற மாதிரி முடிந்து தந்தார்கள். ஓரங்களில் மணல் சாக்கு கட்டித் தொங்கவிட்டோம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்ததைப் பார்த்தவர்கள் இந்தக் கரையில் கூரையைக் கட்டாமல் விட மாட்டார்கள். காற்று உள்ளே புகுந்து தகரத்தைத் தூக்காமல் இருக்க, எதிர்ப்புறச் சுவரிலும் மேலே இடைவெளி விடச் சொன்னது அந்த அக்காமாரில் மூத்தவர்தான்.

கூரை வந்தபின் வள்ளத்தைக் கவிழ்த்து, நல்ல தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினோம். பலகையில் உப்பு இருந்தால் காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் முழுவதும் பங்கு வீட்டு (கோயில் பாதிரியார் வீட்டு) கிணற்றிலிருந்து வந்தது. சுமந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். காய்வதற்குத்தான் நெடுநாள் ஆனது. ஆசாரி சேட்டன் மீண்டும் வந்து தட்டிப் பார்த்துச் சரி சொல்லும்வரை யாரும் பைபரை ஒட்டும் ரெசின் டின்னைத் திறக்கவில்லை.

ரெசின் வேலையைச் சொல்லித்தந்தது எங்கள் வள்ளவிளை மருமகள், பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளை. வள்ள வேலையில் பெண்பிள்ளை சொல்லி ஆண்கள் கேட்டது இந்தக் கரையில் அதிகம் நடந்ததில்லை. கேட்டோம், நல்லதாயிற்று. ஒரு கிலோ ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் ஹார்டனர் 10 முதல் 20 மில்லி, அதை ஊசிக்குழலால் அளந்துதான் ஊற்ற வேண்டும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகுதான் ஹார்டனர். இரண்டும் நேராகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இதை அவள் எல்லாரையும் திருப்பிச் சொல்லவைத்தாள். ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வை போகலாம் என்று, பாதுகாப்புக் கண்ணாடி போடாதவனைப் பக்கத்தில் விடவில்லை. கிழிசலின் ஓரத்தைச் செங்குத்தாக விடாமல், கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்கவைத்தாள். சலிப்பான வேலை. ஆனால் ஒட்டு பிடிப்பது அந்தச் சரிவில்தான்.

எஞ்சின் மாட்டும் பின்பலகை உள்ளே மக்கியிருந்தது. மார்த்தாண்டம் கடை அண்ணாச்சி ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டைத் தவிர வேறு எதையும் காட்டவே மறுத்தார். விலை குறைந்ததை விற்றிருந்தால் அவருக்கும் சுலபம், எங்களுக்கும் அன்றைக்குச் சந்தோஷம். மீதிப் பணத்தை மீன்பாடு வந்தபின் தரச் சொன்னார். போல்ட்டு துளையைப் பெரிதாகப் போட்டு, ரெசினால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவே சரியான அளவில் துளைக்கிற முறை அவர் சொன்னதுதான். தண்ணீர் கசிந்தாலும் பலகையைத் தொடாது.

துடுப்புகளுக்கும் உட்பலகைகளுக்கும் அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) அக்காமார் அண்டித்தோட்டு (முந்திரிக்கொட்டைத் தோட்டு) எண்ணெய் கொண்டுவந்தார்கள். தோலைப் பொள்ளவைக்கும் எண்ணெய் அது. கையுறை போடாமல் எங்களைத் தொடவிடாமல் அவர்களே கூட நின்றார்கள். எஞ்சினைக் கழுவி ஓட்டித்தந்த மெக்கானிக் அண்ணனுக்கும், மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்புமாக எல்லாருக்கும் பொங்கிப்போட்ட சித்திமாருக்கும் எங்கள் கும்பிடு.

கொட்டகை இனி எங்களுக்கு மட்டுமானதல்ல. மழைக்காலத்தில் யார் வள்ளம் காயவேண்டியிருந்தாலும் உள்ளே ஏற்றுங்கள். கிரைண்டர், உருளைகள், கண்ணாடிகள், மீந்த பைபர் மேட் எல்லாம் பின்சுவர்ப் பெட்டியில் இருக்கின்றன. ரெசின் மட்டும் நாள்பட்டால் டின்னிலேயே கட்டியாகிவிடும். தேவையுள்ளவர்கள் சீக்கிரம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
வள்ளத்தின் கூட்டுக்காரர்கள்,
நீரோடி